கடைசல் பட்டறையில் பிறந்த பேனா



ஊற்றுப் பேனாவின் வரலாற்றைப் பற்றிச் சில சொற்கள் பேச வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் காலம் கழித்தவனுக்கு ஆண்டுகளையும் பெயர்களையும் அடுக்கிச் சொல்வது அரிய செயல் அன்று. ஆனால் இந்த வரலாற்றின் பாதியை நான் நூல்களில் படித்தேன். மறு பாதியைக் கையால் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, என் அறுபத்து நான்காம் வயதில், ஒரு கடைசல் பட்டறையின் வாயிலில் போய் நின்று, பேனா கடையக் கற்றுத் தருமாறு கேட்டேன். பட்டறைக்காரர் என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லித் தர்றேன் சார். முதல்லே அந்தத் துண்டைக் கழற்றி ஆணியிலே மாட்டுங்க" என்றார். சுழலும் இயந்திரத்தின் அருகே தோளில் துண்டு தொங்கக் கூடாது. கடைசலில் முதற்பாடம் இதுவே.

கடைதல் என்ற சொல்லைச் சற்றே நினைத்துப் பாருங்கள். தயிர் கடைவதும் கடைதல். மரத்தைச் சுழற்றி உளியால் உருட்சி செய்வதும் கடைதல். இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயல் அன்று என்றே நான் கருதுகிறேன். மத்திலே கயிற்றைச் சுற்றி இரு கைகளாலும் மாறி மாறி இழுக்கிறோம். பழைய கடைசல் பொறியும் அப்படித்தான் இயங்கிற்று. ஒருவர் கயிற்றை இழுத்து இழுத்து விட, மற்றொருவர் உளியை ஊன்றிப் பிடிப்பார். எகிப்து நாட்டில் ஏறத்தாழ கி.மு. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், இருவர் இவ்வாறு வேலை செய்யும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. நம் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும் கடைசல் வேலையே. குழந்தைகள் விளையாடும் அந்தச் சிறு குடத்தையும் உரலையும் பார்த்தவர்கள், ஒரு கட்டை எவ்வளவு வழவழப்பாக மாறும் என்பதை அறிவார்கள்.

ஆயினும் குடம் கடைவது வேறு, பேனா கடைவது வேறு. பேனாவுக்கு மரை வேண்டும். மூடி உடலோடு திருகிப் பொருந்த வேண்டும். உடல் கழுத்தோடு திருகிப் பொருந்த வேண்டும். பொருந்திய இடத்தில் மை ஒரு துளியும் கசியலாகாது. கயிறு முன்னும் பின்னுமாகச் சுழற்றும் பொறியில் ஒரே சீரான மரை வெட்டுவது பெருந்தொல்லை. 1800ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற பொறிவல்லார், உளியைக் கையில் பிடிக்காமல் ஒரு வண்டியில் பொருத்தி, திருகாணியின் துணையால் ஒரே அளவில் நகரச் செய்து, ஒன்றுபோல் ஒன்று மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தை அமைத்தார். ஒரு திருகாணியை மற்றொன்றின் இடத்தில் மாற்றிப் போடலாம் என்ற நிலை அவ்வாறு பிறந்தது. உங்கள் பேனா மூடி இறுக மூடிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நீங்கள் மாட்ஸ்லேக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அடுத்து, எதைக் கடைவது? அந்நாளில் எழுதிய மை எளிய மை அன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சினர்; மேல்நாட்டிலும் ஏறக்குறைய அதே முறைதான், கடுக்காய்க்குப் பதில் கருவாலி மரத்து மாசிக்காய். இந்த மையில் காடித் தன்மை உண்டு. இரும்பை அரிக்கும், பித்தளையைப் பச்சையாக்கும். மரத்தில் ஊறி வெளியே வரும். ஆகவே, மைக்கு அசையாத, உளிக்கு இணங்குகிற ஒரு பொருள் கிடைக்கும்வரை, பேனாவுக்குள்ளேயே மை வைத்துக்கொள்ளும் எண்ணம் எண்ணமாகவே நின்றது.

அந்தப் பொருள் ரப்பரிலிருந்து வந்தது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது கோடையில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கும் என்று கண்டார். கந்தகத்தை மேலும் மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால், ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து கொம்பு போல் கெட்டியாகிவிடும். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருங்காலியைப் போல் கறுத்துப் பளபளத்ததால், கருங்காலியின் ஆங்கிலப் பெயரையொட்டி அதை எபனைட் என்றார்கள். காடி அதை ஒன்றும் செய்யாது. கூரிய உளியை வைத்தால் கறுப்பு நாடா போல் நீளநீளமாகச் சுருண்டு வரும். குறையும் உண்டு: பல ஆண்டுகள் வெயில் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். எங்கள் வீட்டு அலமாரியில் என் தந்தையாரின் பேனா ஒன்று அப்படிப் பழுத்த நிறத்தோடு இருக்கிறது. கடையும்போது எழும் கந்தக நெடியும் குறைதான். தீபாவளி மறுநாள் தெருவில் வீசும் மணம் அது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

1884இல் நியூயார்க் நகரின் லூயிஸ் வாட்டர்மன் ஊற்றுப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். காப்புறுதி முகவராக இருந்த அவர், ஒப்பந்தத்தின்மேல் பேனா மையைக் கொட்டிவிட்டதால் வாடிக்கையாளரை இழந்தார் என்றும், அந்தச் சினத்திலேயே புதுப் பேனாவைப் படைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. விளம்பரத்துக்காகப் பின்னாளில் எழுந்த கதை அது என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு. அவர் உண்மையில் செய்தது கதையைவிடச் சுவையானது. முள்ளுக்கு அடியில் இருக்கும் கட்டையை மாணவர்கள் நாக்கு என்பார்கள். அந்த நாக்கில் மெல்லிய கீறல்களை இட்டார். மை கீழே இறங்கும் அளவுக்குக் காற்று மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மை நின்றுவிடும், மிகுதியாக ஏறினால் மை கொட்டிவிடும். நிரம்பிய குடத்தைக் கவிழ்த்தால் நீர் குபுக் குபுக்கென்று விழுவதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் குபுக்கை அடக்கி ஒரே ஒழுக்காக்கியது நாக்கிலுள்ள கீறல்.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் எபனைட் பேனாக்களே உலகில் கோலோச்சின. 1924இல் அமெரிக்காவின் ஷீஃபர் நிறுவனம் செல்லுலாயிடு பேனாவைக் கொண்டுவந்தது. வண்ணத்தில் மக்கள் மயங்கினர். பின்னர்ப் பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கி அச்சில் செலுத்தும் முறை பரவிற்று. பெருந்தொழிற்சாலைகளில் பேனா கடைவது குறைந்து, பேனா வார்ப்பது மிகுந்தது.

நம் நாட்டில் கடைசல் நிலைத்தது. காரணம் எளிது. அச்சு ஒன்றைச் செய்யப் பெரும்பணம் வேண்டும். இலட்சக்கணக்கில் விற்றால்தான் அச்சுக் கூலி தேறும். கடைசல்காரருக்கு ஓர் இயந்திரமும் ஒரு கோலும் போதும். ஒரே ஒரு பேனாவைச் செய்து, அதை விற்று, அடுத்த கோலை வாங்கலாம். வறிய நாட்டுக்கு ஏற்ற தொழில்.

இந்த இடத்தில் நாம் கோதாவரிக் கரைக்குப் போக வேண்டும். இன்று ராஜமகேந்திரவரம் என்று வழங்கும் ராஜமந்திரி அந்நாளில் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். கோசூரி வெங்கட ரத்னம் என்ற பொற்கொல்லர் அவ்வூரில் வாழ்ந்தார். 1921இல் வார்தாவில் அவர் காந்தியடிகளைக் கண்டபோது, ஊசியிலிருந்து பேனாவரை மக்களுக்கு அன்றாடம் பயன்படும் ஒன்றைச் செய்யுமாறு அடிகள் சொன்னார் என்று கூறுவர். 1932இல் ரத்னம் பேனாத் தொழில் தொடங்கினார். எபனைட் கோலைக் கடைந்து உடலும் மூடியும் செய்தார். அழகான பேனா. ஆனால், முதலில் அனுப்பிய பேனாவின் முள் அயல்நாட்டு முள் என்று அறிந்து காந்தியடிகள் அதை ஏற்கவில்லை என்பது அவ்வூரில் வழங்கிவரும் செய்தி.

நண்பர்களே, இந்தச் சிக்கலை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பேனா வரலாற்றின் முடிச்சு இதுதான். கடைசல் இயந்திரம் உருண்டையானதை மட்டுமே தரும். முள் உருண்டையானது அன்று. மெல்லிய தகட்டை வெட்டி, நடுவில் துளையிட்டு, தாழியோடு போல வளைத்து, துளையிலிருந்து நுனிவரை மயிரிழை அகலத்தில் பிளக்க வேண்டும். நுனி தேயாதிருக்க அதில் இரிடியம் போன்ற கெட்டி உலோகக் கலவையின் பொட்டு ஒன்றை ஒட்ட வேண்டும். எஃகு துருப்பிடிக்கும் என்பதால் நல்ல முள் பொன்னால் ஆகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்தின் எஃகு முட்களில் பெரும்பகுதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்திலிருந்தே வந்தது. கில்லட், மேசன் முதலியோரின் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் கையச்சு இழுத்து முள் வெட்டினர். நம் பாட்டனார்கள் கட்டைப் பேனாவில் செருகி மைக்கூட்டில் தோய்த்து எழுதியவை அந்த முட்களே. ஆக, உடலைச் செய்துவிட்டு நம் நாட்டுப் பேனா என்று சொல்வது, கைப்பிடியைச் செய்துவிட்டு அரிவாள் செய்தேன் என்பது போலாகும். எழுதுவது முள் அன்றோ?

பொற்கொல்லரின் கை இங்கேதான் உதவியது. ரத்னம் முள்ளையும் தாமே செய்தார். மீண்டும் பேனா சென்றது. இம்முறை அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த தமிழர். கணக்காய்வாளராய் இருந்து அனைத்தையும் துறந்து வந்தவர். 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் வார்தாவிலிருந்து காந்தியடிகள் ரத்னத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. குமரப்பாவின் வழியாக வந்த பேனாவுக்கு நன்றி கூறுகிறார். எழுதிப் பார்த்ததாகச் சொல்கிறார். கடைத்தெருவில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு மாற்றாக அது நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். உலகிலேயே சிறந்தது என்று அவர் எழுதவில்லை. தோன்றுகிறது என்றே எழுதினார். வரலாறு பயில்வோர் இத்தகைய சொற்களை அளந்து படிக்க வேண்டும். புகழ்ச்சியாக அல்லாமல், சோதித்துப் பார்த்தவரின் சான்றாக எழுதப்பட்ட கடிதம் அது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

என் ஐயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முள்ளில் நின்ற கேள்வி முள்ளோடு நிற்குமா? கோதாவரிக் கரையில் ரப்பர் மரம் இல்லை; நுனியில் ஒட்டும் இரிடியமும் அங்கே விளைவதில்லை. முழுவதும் நம்முடையது என்ற சொல், உரிக்க உரிக்க வெங்காயம் போல் போய்க்கொண்டே இருக்கும். இருந்தாலும், ஓரிடத்தில் கோடு கிழிக்கத்தான் வேண்டும். கையின் திறமை எங்கே மிகுதியாக வேண்டுமோ அங்கே கிழித்தார்கள். அது சரியான இடம் என்றே எனக்குப் படுகிறது.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. அயல்நாட்டுப் பேனா அரிதாயிற்று. உள்நாட்டுப் பேனாத் தொழில் தழைத்தது. முள்ளுக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஊர் எழுந்தது. சாத்தூரைச் சேவுக்கும் வெள்ளரிக்கும் அறிந்திருப்பீர்கள். அவ்வூரில் வீட்டுக்கு வீடு பேனா முள் செய்த காலம் ஒன்று உண்டு. பர்மிங்ஹாம் பெண்கள் இழுத்ததைப் போலவே இங்கும் பெண்கள் கையச்சு இழுத்தார்கள். நாட்டின் பல பகுதிப் பேனாக்காரர்கள் சாத்தூர் முள்ளை வாங்கினார்கள்.

பின்னர் பந்துமுனைப் பேனா வந்தது. ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற பொருள். நம் பள்ளிகளில் அது பரவியது 1970களிலும் 1980களிலும். முள் வேண்டாம், நாக்கு வேண்டாம், மை நிரப்ப வேண்டாம். சாத்தூரின் கையச்சுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 1998இல் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியனாக இருந்தேன். பெஞ்சியெல்லாம் மை, சுவரெல்லாம் மை, சட்டை முதுகெல்லாம் மை. தாய்மார்கள் வந்து முறையிட்டார்கள். ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், இனி எவரும் மைப் பேனா கொண்டுவரலாகாது என்று அறிவித்தேன். பள்ளிக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒருவர் சிறு பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பார். முள் மாற்றுவார், கழுத்து மரையில் கசிந்தால் நூல் சுற்றித் தருவார், மை போட்டுத் தருவார். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது அந்தப் பெட்டி இல்லை. அப்போது நான் அதைக் கவனித்ததாகக்கூட நினைவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், 1937இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வியைப் பற்றி, கைத்தொழில் வழியே அறிவு வளர வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆணி ஒன்றைக்கூட நேராக அடித்ததில்லை.

பட்டறைக்குப் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இனி, தொடங்க விரும்புவோர்க்கு என் தவறுகளைச் சொல்கிறேன். முதற்கோலில் எனக்கிருந்த அவசரம் அழகைப் பற்றியது. வெளிப்புறத்தை வழவழவென்று கடைந்து, இடையில் சிறுத்து, நுனியில் குவித்து, நல்ல வடிவம் தந்தேன். பிறகு உள்ளே துளையிடப் போனேன். சுவர் மெலிந்த இடத்தில் கோல் விண்டது. முதலில் துளை, அடுத்து உள் மரை, அதன்பின் அச்சாணியில் ஏற்றி வெளிப்புறம், இதுவே முறை. பெரியவர் இதை முன்பே சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா நீங்க எழுதி வச்சுக்குவீங்க சார். உடைஞ்சா மறக்க மாட்டீங்க" என்றார். முப்பது ஆண்டு நான் படித்த கல்விக் கோட்பாடு அதற்குள் அடங்கிற்று.

இரண்டாவது கோலில் துளை போடும்போது விரைந்தேன். எபனைட் சூட்டை எளிதில் கடத்தாது. துளையூசியின் நுனியில் பிறந்த வெப்பம் அங்கேயே தங்கும். சூட்டில் எபனைட் இளகும். கந்தக நெடி மிகுந்தால் நிறுத்தென்று பொருள். துளையூசியை அடிக்கடி வெளியே இழுத்துத் துருவலை நீக்கி, தண்ணீர் தொட்டு, ஆற விட்டு, மீண்டும் செலுத்த வேண்டும். மூன்றாவது கோலில் மரை தவறிற்று. புரிக்கும் புரிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. மரை வெட்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்துவிட்டேன். மூடி இரண்டு சுற்றுப் போய்க் கோணலாக நின்றுவிட்டது.

நான்காவது கோலுக்கு ஏழு வாரம் ஆயிற்று. கடைந்தபின் உப்புத்தாளை நீரில் நனைத்து, கரடிலிருந்து நயத்துக்குப் படிப்படியாக மாற்றித் தேய்த்தேன். கடைசியில் துணிச் சக்கரத்தில் பிடித்தபோது கறுப்பிலிருந்து ஒளி எழுந்தது. நாக்கையும் முள்ளையும் கழுத்துக்குள் செருகுவதை மட்டும் பெரியவர் என்னிடம் விடவில்லை, தாமே செய்தார். முள் பழைய சாத்தூர் முள். எங்கோ டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம்.

இந்தப் பேச்சை அந்தப் பேனாவால் எழுதினேன். முதல் மூன்று பக்கங்கள் ஓடின. நான்காம் பக்கத்தில், உள்ளே மை குறைந்து காற்று மிகுந்ததும், விரல் சூட்டில் அந்தக் காற்று விரிந்து ஒரு பெரும் சொட்டைத் தள்ளிற்று. ஆள்காட்டி விரலெல்லாம் நீலம். பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்தார். "மரையும் கசியுது சார், மூணாவது புரியிலே. அது போகட்டும். நாக்கிலே கீறல் ஆழம் பத்தலை. வியாழக்கிழமை வாங்க, வெட்டிப் பார்ப்போம்" என்று சொல்லி, பேனாவை என் கையில் தராமல் தம் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டார்.